மணையில் உட்கார வைத்தது

ஆகஸ்ட் 19, 2024, திங்கள்
மகள் பவதாரிணி கல்யாணத்துக்கு முன் வைத்த திருநீற்றுப் பச்சிலை முற்றிக் கட்டையாகிவிட்டது. பூக்காத நுனிகளாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளை உருவி, தயிர் டப்பாக்களில் ஊன்றினேன். இவருடைய தங்கை மகள் தமிழ்வாணியின் வளைகாப்புக்கு மகள் ஓசூரிலிருந்து வருகிறாள். திரும்பும்போது ஒரு செடி கொடுத்துவிட வேண்டும். அந்த வாசனை என்றால் அவளுக்கு உயிர்.

ஆகஸ்ட் 26, திங்கள்
வேர் விட்டதா என்று இன்றும் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். இல்லை. திரும்ப ஊன்றினேன். இவர் பார்த்துவிட்டார். "தெனம் புடுங்கிப் பாத்தா எப்புடி வேர் விடும்? இம்புட்டு அவசரம் எதுக்கு?" எனக்குப் பொறுமை கிடையாதாம். சொல்லிக்கொள்ளட்டும்.

சாயங்காலம் மகளிடம் போனில், "விசேஷம் ஏதும் உண்டா?" என்றேன். "ஞாயித்துக்கெழம வாரேன்மா" என்று வைத்துவிட்டாள். கல்யாணமாகி மூன்று வருஷம். பெற்றவள் கேட்காமல் யார் கேட்பார்கள்?

செப்டம்பர் 1, ஞாயிறு
உசிலம்பட்டியில் வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. தமிழ்வாணி மணையை விட்டு எழுந்ததும், பவதாரிணியின் கையைப் பிடித்து இழுத்து நானே அதில் உட்கார வைத்தேன். பிள்ளைக்குக் காத்திருப்பவள் அந்த மணையில் உட்கார்ந்து வளையல் போட்டுக்கொண்டால் அடுத்தது அவளுக்குத்தான் என்பார்கள். "வேணாம்மா" என்றாள். நான் விடவில்லை. முருகம்மாள் மதினி வளையல் அடுக்கினாள். "அடுத்த வருசம் ஒனக்குத்தான்டி!" எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

அவள் தலையைக் குனிந்தே இருந்தாள். வெட்கம் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 2
விடியுமுன் கிளம்பிவிட்டாள். வளையல்களைக் கழற்றித் தயிர் டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். செடி கேட்கவில்லை.

மத்தியானம் மாப்பிள்ளை விக்ரம் பேசினார். "ஜூலைல கரு கலைஞ்சிருச்சு அத்தை. ரெண்டு மாசக் கரு. ஒங்ககிட்டச் சொல்ல வேணாம்னு அவதான் சொன்னா."

எங்கிட்ட ஏன் சொல்லல? — எப்புடிச் சொல்லுவா? போனை எடுத்தா அதே கேள்வி. பத்தாததுக்கு ஊரக் கூட்டி வச்சு மணையில வேற... வேணாம்னு சொன்னாளே. என் காதுல விழத்தானே செஞ்சது. என் பிள்ளைய நானே இப்புடிப் பண்ணிட்டேனே.

செப்டம்பர் 5
பவதாரிணி போனை எடுக்கவில்லை. ஊன்றியதெல்லாம் கருகிவிட்டது.

செப்டம்பர் 9
மறுபடி வெட்டி ஊன்றினேன். தண்ணீர் தெளிப்பதோடு சரி. கை பரபரக்கத்தான் செய்கிறது.

செப்டம்பர் 29, ஞாயிறு
ஒன்றில் மட்டும் புதுத் துளிர். பவதாரிணி அவளாகவே கூப்பிட்டாள். "சாப்பிட்டியா?" என்றேன். இங்கே விளாங்குடியில் நேற்று பெய்த மழையைச் சொன்னேன்.

"வேற ஒண்ணும் கேக்கலையாம்மா?"

"இல்ல தாயி. நான் தப்புப் பண்ணிட்டேன்."

அழுதாள். அழுது ஓய்ந்ததும், "அந்தச் செடி இருந்தா அப்பாட்டக் குடுத்து விடு. நீ இப்ப வர வேணாம்மா" என்றாள்.

அக்டோபர் 5, சனி
டப்பாவை ஈரத்துணியில் சுற்றித் துணிப்பைக்குள் நிறுத்தி வைத்தேன். வேரைப் பார்க்கவில்லை. இவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார்.

"அவகிட்ட ஒண்ணும் கேட்டுறாதீக" என்றேன்.