இரண்டு தேதிகள்

ஏப்ரல் 9, செவ்வாய்

மாவட்ட நிர்வாகமான கவுண்டி அலுவலகத்தின் தத்தெடுப்புப் பிரிவிலிருந்து போன். பெயர் லோர்னா ப்ரூயிட். நைரியைத் தத்தெடுக்க நாங்கள் போட்ட மனு அவர் மேசைக்கு வந்திருக்கிறதாம். விசாரித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதப்போவது அவர்தான். என்னென்ன வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். கைரேகை, மருத்துவப் பரிசோதனை, எங்களைத் தெரிந்த மூன்று பேரின் கடிதம், கல்யாணச் சான்றிதழ்.

"ரெண்டு பேரும் வீட்ல இருக்கிற நாளா பார்த்துச் சொல்லுங்க."

"ஷூஷன் இறந்துட்டா" என்றேன்.

"அடக் கடவுளே. எப்போ?"

"பிப்ரவரி இருபது. மூடுபனி. நெடுஞ்சாலையில ஏழு வண்டி மோதிக்கிச்சு."

பிறகு, "கேக்கறதுக்கே கஷ்டமா இருக்கு, வஹான். அப்போ இறப்புச் சான்றிதழும் ஒரு நகல் எடுத்து வெச்சுடுங்க."

பட்டியலில் ஐந்தாவதாக எழுதிக்கொண்டேன். கல்யாணச் சான்றிதழுக்கு அடுத்த வரி.

ஏப்ரல் 10

நைரி காலையில் 110 மில்லி பால். மத்தியானம் 120. வேறெதுவும் இல்லை.

ஏப்ரல் 18, வியாழன்

லோர்னா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தேநீர்க் குடுவையைத் தானே கொண்டுவந்திருந்தார். போகிற வீடுகளில் யாரும் தனக்காக அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம் என்று.

"வீடு இவ்வளவு சுத்தமா இருந்தா எனக்குச் சந்தேகம்தான் வரும்."

"மச்சான் நேத்து வந்து துடைச்சான். ஷூஷனோட அண்ணன்."

"என் வீட்டுக்கும் வருவாரா, கேட்டுச் சொல்லுங்க."

புகை எச்சரிக்கை மணி, மருந்து அலமாரியின் பூட்டு எல்லாம் பார்த்தார். குழாய் வெந்நீர் எத்தனை சூடு என்று கேட்டார். நூற்றுப் பதினெட்டு டிகிரி ஃபாரன்ஹீட் என்றேன், யோசிக்காமல். குழந்தை எத்தனை தடவை எழுகிறாள் என்று கேட்டதற்கு ஒன்பது வாரப் பதிவை அச்செடுத்துக் கொடுத்தேன். பால், தூக்கம், உடம்புச் சூடு, எல்லாம் வரைபடமாக. பீச் பழக் கிடங்கின் குளிரூட்டும் இயந்திரங்களுக்கு நான் தினமும் செய்வது அதுதானே.

"இது குழந்தையா, கம்ப்ரஸரா?" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல பதிவு. நான் இதைச் சேர்த்துக்கறேன்."

பிறகு விஷயத்துக்கு வந்தார். நடுவில் நிறுவனம் எதுவும் இல்லாத தத்து இது. பெற்றவளே ஆளைத் தேடி, தெரிந்து, கொடுப்பது. மாரிசெலா எங்களைத் தேர்ந்தெடுத்தாள். எங்களை என்ன எங்களை? ஷூஷனை. படிப்பை விட்டவர்களுக்கான மாலை வகுப்பில் ஷூஷன் அவளுக்குக் கணக்கு டீச்சர்.

"மாரிசெலா ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது பிப்ரவரி நாலு. முப்பது நாளுக்குள்ள மனசு மாறினா, காரணமே சொல்லாம குழந்தையைத் திருப்பி வாங்கிக்கலாம். மார்ச் ஆறோட அது முடிஞ்சுபோச்சு." பேனாவை மூடினார். "உங்க மனைவி இறந்தது நடுவுல. அவளுக்குத் தெரியும்ல?"

"தெரியும். நான்தான் சொன்னேன்."

பொய் இல்லை. எப்போது சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை.

அடுத்து மாரிசெலாவைப் பார்க்கப் போகிறாராம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஈஸ்டர். மச்சான் ஹ்ராந்த் தன் கடையிலிருந்து பின்னல் ரொட்டியும் சிவப்பு முட்டையும் கொண்டுவந்தான். எங்கள் வழக்கப்படி முட்டையோடு முட்டை மோத வேண்டும், உடைந்தால் தோல்வி. எப்போதும் ஷூஷன்தான் ஜெயிப்பாள். இன்று முதல் மோதலிலேயே அவன் முட்டை உடைந்தது. "திருட்டுப் பய, கல்லு முட்டை வெச்சிருக்க" என்றான். அப்படியே உட்கார்ந்து அழுதான். எனக்கு வரவில்லை. முட்டையை உரித்துத் தின்றேன்.

அவன் போனபிறகு இதை எழுதுகிறேன். எங்காவது எழுதத்தான் வேண்டும்.

மார்ச் 3, அதுவும் ஞாயிறு. ஷூஷனைப் புதைத்து ஆறு நாள். அவள் போன் சமையலறையில் சார்ஜில் இருந்தது. தினமும் நான்தான் போட்டுவைத்தேன். எதுக்கு? தெரியாது. மாரிசெலாவிடமிருந்து செய்தி வந்தது. "டீச்சர், மனசு ஒரு மாதிரியா இருக்கு. உங்ககூடப் பேசணும். கூப்பிடறீங்களா?" அப்புறம் அவளே கூப்பிட்டாள். இரண்டு தடவை. நைரி என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். நான் போனைப் பார்த்தேன். சுவரில் காலண்டரைப் பார்த்தேன்.

மறந்துட்டேன், குழப்பத்துல இருந்தேன்னு எழுதலாம். இல்ல. எண்ணினேன். இருபத்தேழாவது நாள்னு எண்ணினேன்.

நைரியைப் படம் எடுத்து, ஷூஷன் போனிலிருந்தே அனுப்பினேன். "எல்லாம் நல்லா இருக்கு. தூங்கறா. நாளைக்குப் பேசறேன், கண்ணு."

கண்ணு. ஷூஷன் அவளை அப்படித்தான் கூப்பிடுவாள்.

எட்டாம் தேதி, கெடு முடிந்து இரண்டு நாள் கழித்து, என் போனிலிருந்து மாரிசெலாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். விபத்து எப்போ என்று கேட்டாள். திங்கட்கிழமை என்றேன். மார்ச் நாலு.

ஏப்ரல் 27, சனி

ஹ்ராந்திடம் சொல்லிவிட்டேன். கடையின் பின்கட்டில், அவன் மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது. கையை நிறுத்தவே இல்லை.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உனக்கு."

"அப்போ யாருக்கும் தெரியாது. போய் வேலையப் பாரு."

"லோர்னா கேட்டா?"

"கேட்டாங்களா? கேக்கலேல்ல? மச்சான், என் தங்கச்சி போயிட்டா. மிச்சம் இருக்கறது அந்தக் குட்டி ஒண்ணுதான். உன் நேர்மைய எடுத்துட்டுப் போய் வேற எவன் அடுப்புலயாவது சுடு. என் அடுப்புல வேணாம்."

பன்னிரண்டு ரொட்டி கட்டிக் கொடுத்தான். நான் ஒற்றை ஆள்.

மே 7, செவ்வாய்

லோர்னா போன் செய்தார். குரலில் சிரிப்பு இல்லை.

"வஹான், என்கிட்ட ரெண்டு தேதி இருக்கு. சான்றிதழ்ல பிப்ரவரி இருபது. மாரிசெலா மார்ச் நாலுங்கறா. மூணாம் தேதி டீச்சர் தனக்குப் படம் அனுப்பினாங்கன்னு சொல்றா. போனை எடுத்துக் காட்டினா. நான் ஒண்ணும் சொல்லல. முதல்ல உங்களைத்தான் கேக்கறேன்."

கிடங்கில் நின்றுகொண்டிருந்தேன். ஒரே குழாயில் இரண்டு அளவுமானி வேறு வேறு எண் காட்டினால் ஒன்று பழுது. எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"நான்தான் அனுப்பினேன்."

எல்லாம் சொன்னேன். இயந்திரச் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

"இதை எழுதுவீங்களா?"

"எழுதாம இருக்க முடியாது. அவகிட்டயும் சொல்லணும். வக்கீல் வெச்சுக்க அவளுக்கு உரிமை இருக்குன்னும் நான்தான் சொல்லணும்."

"நான் என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ண முடியாது. வீட்டுக்குப் போய்ப் பால் கொடுங்க."

மே 8

140 மில்லி. முதல் தடவை.

மே 23

லோர்னாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஷூஷன் இருந்தால் கேட்டிருப்பேன், என்ன செய்யலாம்னு. அவ இருந்திருந்தா கேக்க என்ன இருக்கு.

ஜூன் 6, வியாழன்

என் வக்கீல் வழியாக லோர்னாவின் அறிக்கையின் முதல் பகுதி வந்தது. பதினொரு பக்கம். நைரி என்ற பெயர் எங்குமே இல்லை. மாரிசெலா வைத்த பெயர்தான், எஸ்தெர். "எஸ்தெர் வயதுக்கேற்ற வளர்ச்சியுடன் இருக்கிறாள். மனுதாரரின் குரல் கேட்டால் திரும்புகிறாள்." அது எனக்குத் தெரியாது. திரும்புகிறாளா? என் பதிவில் அதற்கு ஒரு கட்டமே இல்லை.

ஏழாம் பக்கம்: "மனுதாரர் தம் மனைவியின் மரணத்தைப் பெற்ற தாயிடமிருந்து, ஒப்புதலைத் திரும்பப் பெறும் காலம் முடியும்வரை மறைத்தார். தாம் நாட்களை எண்ணியதாக அவரே கூறினார்."

ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. கடைசிப் பக்கத்தில் பரிந்துரை என்ற இடம் காலி. பெற்ற தாயை மீண்டும் சந்தித்த பின், என்று போட்டிருக்கிறது.

நைரியின் பின்னால் போய் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பினாள்.

ஜூன் 15, சனி

மாரிசெலா வந்தாள். சொல்லாமல். அவள் சித்தி தெருவில் காரிலேயே இருந்தாள்.

"டீச்சர் செருப்பு இன்னும் இங்கயேதான் இருக்கா?" வாசலில் நின்று அதைத்தான் முதலில் கேட்டாள்.

உள்ளே வந்து உட்காரவில்லை. நைரி விரிப்பில் குப்புறக் கிடந்தாள். தூக்கிக்கிறியா என்றேன்.

"வேணாம். கையில வாங்கினா குடுக்க மாட்டேன்."

பத்தொன்பது வயது. பழங்களைப் பெட்டியில் அடுக்கும் கூடத்தின் சீருடை, தலையில் வலை. வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க. அன்னைக்கு நான் கூப்பிட்டப்போ, போன் உங்க கையில இருந்துதா?"

"இருந்தது."

"அடிக்கறத பார்த்துக்கிட்டே இருந்தீங்களா?"

"ஆமா."

தலையை ஆட்டினாள்.

"அன்னைக்கு என்ன சொல்ல இருந்த?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தெரியாது. டீச்சர் ஏதாவது சொல்லியிருப்பாங்க, அழுதுட்டு வெச்சிருப்பேன். இல்ல, சித்தி காரை எடுத்துட்டு வந்து இவளைத் தூக்கிட்டுப் போயிருப்பேன். தெரியாது. அதைத் தெரிஞ்சுக்க எனக்கு மூணு நாள் இருந்துது. அந்த மூணு நாளை நீ எடுத்துக்கிட்ட." அதுவரை நீங்க என்றுதான் பேசினாள். "கண்ணுன்னு வேற போட்டிருக்க. வேலை இடத்துல அதையே திருப்பித் திருப்பிப் படிச்சேன். செத்துப்போனவங்க பேசறாங்கன்னு தெரியாம."

மன்னிப்புக் கேட்டேன். என் காதுக்கே வாடிக்கையாளர் சேவை மையத்தில் பேசுகிறவன் குரல் மாதிரி இருந்தது.

"வக்கீலைப் பார்த்தேன். வழக்குப் போடலாம், ஒரு வருஷம்கூட இழுக்கும்னாரு. அதுவரைக்கும் இவ அங்க கொஞ்ச நாள், இங்க கொஞ்ச நாள். நான் அப்படித்தான் வளர்ந்தேன்." கதவருகே திரும்பினாள். "முடிவை உன்கிட்ட சொல்ல மாட்டேன். லோர்னாகிட்ட சொல்லிக்கறேன். நீ காத்திரு. நான் காத்திருந்தேன்ல?"

நைரி அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சத்தத்துக்காக இருக்கும். சத்தத்துக்காகத்தான்.

ஜூன் 16 – ஜூன் 30

காத்திருக்கிறேன்.

ஜூலை 2, செவ்வாய்

லோர்னா நேரில் வந்தார். குடுவையைத் திறக்கவே இல்லை.

"மாரிசெலா வழக்குப் போடல. தத்தை அனுமதிக்கலாம்னு பரிந்துரை எழுதிட்டேன். ஏழாம் பக்கம் அப்படியே இருக்கும், அதை எடுக்க மாட்டேன். ஜட்ஜ் படிப்பார்."

"ஏன் விட்டுட்டா?"

"அதை அவகிட்டதான் கேக்கணும். ஆனா அறிக்கையில ஒரு வரி சேர்க்கச் சொன்னா. படிக்கட்டுமா? 'நான் அவரை மன்னிக்கவில்லை. எஸ்தெரை அவள் பழகிய குரலிலிருந்து பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.'"

சுவரைப் பார்த்தேன்.

"இன்னொண்ணு. புதுப் பிறப்புச் சான்றிதழ்ல அம்மா பேரு. குழந்தை வீட்டுக்கு வந்தப்போ உங்க மனைவி உயிரோட இருந்தாங்க. அதனால அவங்க பேரைப் போடச் சட்டத்துல இடம் இருக்கு. நீங்க கேட்டாதான் போடுவாங்க. தானா வராது."

படிவத்தை மேசையில் வைத்தார். ஷூஷன் என்று எழுதி, அதன் மேலேயே பேனாவை இரண்டாம் தடவை ஓட்டினேன். அவர் அதைப் பார்த்தார். எழுதிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

நீதிபதியின் அறை. ஹ்ராந்த் கோட்டு போட்டு வந்தான், கையில் மாவு வாசனை. நீதிபதி ஏழாம் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். என்னைப் பார்த்தார். "இதுல இருக்கிறதெல்லாம் உண்மையா?" உண்மை என்றேன். கையெழுத்துப் போட்டார். நைரிக்கு ஒரு கரடி பொம்மை கொடுத்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். படத்தில் நான் சிரிக்கிறேன்.

அந்தப் படத்தை மாரிசெலாவுக்கு அனுப்பவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

போன வாரம் சான்றிதழ் வந்தது. தாய்: ஷூஷன். பிழை ஏதும் இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். இல்லை. மாரிசெலா என்ற பெயர் எங்குமே இல்லை. அப்படித்தான் இருக்கும் என்று லோர்னா முன்னாலேயே சொல்லியிருந்தார்.

ஷூஷன் போனை அணைத்து அலமாரியில் வைத்தேன். சார்ஜ் போடவில்லை.

மத்தியானம் என் போனிலிருந்து மாரிசெலாவுக்கு எழுதினேன். "நான் வஹான். எப்போ கூப்பிட்டாலும் எடுப்பேன்." படம் வைக்கவில்லை. கண்ணு என்று எழுதவில்லை.

நாலரைக்கு அடித்தது. நைரிக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் பூசணி. துடைப்பதற்குள் நின்றுவிட்டது.

துடைக்காமலே திருப்பிக் கூப்பிட்டேன்.