வடக்கே போன உப்புப் படகு

மரக்காணம்
ஜூன், 1974

அன்புள்ள அத்தானுக்குப் பாஞ்சாலை வணங்கி எழுதுவது. நானும் குழந்தை ஆண்டாளும் மாமாவும் சுகம். பிலாயில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? வேலை முடிந்தால்தான் லீவு என்று இந்தத் தடவையும் எழுதியிருக்கிறீர்கள். அது எப்போது முடியும் என்று நீங்கள் உருக்குகிற இரும்புக்குத்தான் தெரியும்.

போன வாரம் உங்கள் தம்பி கலியன் உப்பு ஏற்றிக்கொண்டு கால்வாயில் வடக்கே புறப்பட்டார். மகாபலிபுரம் பார்த்து வரலாம் என்று நாங்களும் ஏறிவிட்டோம். உங்கள் தங்கை சரஸ்வதியும் அவள் வீட்டுக்காரரும் அடுக்கு நிறையப் புளிச்சோற்றோடு வந்தார்கள். உப்பின்மேல் கீற்றுப் போட்டு உட்கார்ந்தோம். தெற்குக் காற்று நன்றாக அடித்ததால் பாய் விரித்தார்கள். கரையில் நடந்து கயிறு இழுக்கிற வேலையே இல்லை. பனைமரங்கள், தண்ணீரில் நிற்கும் நாரைகள், ஆலம்பரையின் இடிந்த கோட்டை என்று கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி. சரஸ்வதி வாய் மூடவில்லை. பாயே வேண்டாம், இவள் பேச்சிலேயே படகு போய்விடும் என்று மாமா சிரித்தார்.

ஆண்டாள் மட்டும் படகின் முன்பக்கத்தை விட்டு நகரவில்லை. இன்னும் எவ்வளவு தூரம் என்று நச்சரித்தாள். மகாபலிபுரத்தைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

சமைப்பதற்காகக் கடப்பாக்கத்தில் படகைக் கட்டினோம். அடுப்பு மூட்டிவிட்டுத் திரும்பினால் குழந்தையைக் காணோம். பக்கத்தில் தண்ணீர். கரையோடு வடக்கே ஓடினேன், மாமாவும் பின்னாலேயே வந்தார். ஓடத்துறையில் நாலு பேர் நடுவே அழுதுகொண்டு நின்றாள். எங்கே போகிறாய் என்று ஓடக்காரர் கேட்டதற்கு, "எங்கப்பா வடக்க இருக்காரு. படகு நின்னுபோச்சு, நான் நடந்து போறேன்" என்றாளாம். அப்பா பேர் கேட்டால், "அவரு" என்றாளாம். நான் அப்படித்தானே சொல்லி வளர்த்தேன்? பேர் தெரியாமல் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று ஓடக்காரர் விளையாட்டாகக் கேட்டுவிட்டார்.

என்னைக் கண்டதும் ஓடி வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு பேரு இன்னாம்மா?" என்றாள். அத்தனை ஆம்பிளைகள், பின்னால் உங்களைப் பெற்ற மாமா. புருஷன் பேரை எப்படிச் சொல்வது? அவள் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பேரைச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். மாமா கோபிப்பார் என்று பயந்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி சொல்லும்மா, புள்ளைக்கு மனசுல நிக்கட்டும்" என்றார்.

மகாபலிபுரத்தில் எல்லோரும் கல் யானையைப் பார்த்தோம். ஆண்டாள் எதையும் பார்க்கவில்லை. எதிரே வந்த ஆம்பிளைகளையெல்லாம் நிறுத்தி, "உங்க பேரு இன்னா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு நெஞ்சு வெந்துபோனது.

ஆடி பிறப்பதற்குள் வந்துவிடுங்கள். எல்லையம்மன் உங்களுக்குத் துணையிருப்பாள். வாசலில் நுழையும்போது ஆண்டாள் உங்களிடமும் பேர் கேட்பாள். கோபிக்காமல் சொல்லுங்கள்.

உங்கள்
பாஞ்சாலை