ஏழாம் விதியும் பென்குயின் பெட்டியும்

நவம்பர் 12, புதன்

இரவெல்லாம் மழை, காலையில் தூறல். திருப்பாதிரிப்புலியூரில் பாசஞ்சர் பதினொரு நிமிடம் தாமதம். சிதம்பரத்தில் இறங்கியபோது மணி 8.52. குடை உலரவில்லை.

விண்டோஸின் மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தங்கள் (பேட்ச், அதாவது ஒட்டு) வந்துவிட்டன. அமெரிக்காவில் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்; நமக்குப் புதன் விடிகாலை. கல்லூரியில் விண்டோஸ் கணினிகள் 84. ஒவ்வொன்றிலும் நிறுவி, மறுதொடக்கம் செய்து, சரிபார்த்து, முகப்பில் இம்மாதத்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, பதிவேட்டில் ஒப்பமிட வேண்டும். ஐந்து வேலை நாள்.

கேன்டீனில் செந்தில். என் மனைவி மல்லிகாவின் தம்பி, நான் பொறுப்பாளராக உள்ள கணினி மையத்தில் ஆறு ஆண்டாகத் தற்காலிக உதவியாளன், விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸின் பக்தன். (இனி, செ.) நான் நுழைந்ததைக் கண்டதும் குரலை உயர்த்தினான்.

"வந்துட்டாருய்யா மாமா. மாசம் பொறந்தா ஒட்டுப் போட வந்துடுவாரு. நம்ம கடலூர் ரோடு கூட இத்தினி ஒட்டு கண்டதில்ல."

ஆங்கிலத் துறைப் பேராசிரியர், தம் மேக் கணினிக்கு இத்தொல்லை ஏதும் இல்லை என்றார்.

"உங்களுது கருவறை மாதிரி சார். உள்ள யாரையும் வுடமாட்டான். வெளிய நின்னு தீபாராதனைதான் பாக்கலாம்."

சிரித்தவர்கள்: ஆங்கிலத் துறை, நூலகர், தேர்வுப் பிரிவு ஆரோக்கியமேரி, டீ போடுபவர். டீ போடுபவருக்குக் கணினியே கிடையாது.

லினக்ஸுக்கும் திருத்தங்கள் வருகின்றன, எண்ணிக்கையில் விண்டோஸைவிடக் குறைவு அல்ல, நாள் குறித்து வராததால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே என்று விளக்கினேன். முற்றிலும் சரியான தகவல். நூலகர் "அப்படிங்களா சார்" என்றார். கூட்டம் கலைந்தது.

அலுவலக நேரத்தில் என்னை 'மாமா' என அழைக்கக் கூடாது என்று செ.யிடம் நான்காம் முறையாகச் சொன்னேன். "சரி மாமா" என்றான்.

அவனை நிரந்தரமாக்கும் கோப்பு என் மேசையில். எல்லாத் தாளும் நிரம்பிவிட்டது. 'பொறுப்பாளரின் பரிந்துரை' மட்டும் காலி. நிர்வாகக் குழு 21ஆம் தேதி கூடுகிறது. ஒன்பது நாள் இருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். வலது காலணியில் இன்னும் ஈரம்.

இன்று முடிந்தவை: அலுவலகம் 9, நூலகம் 6, வேதியியல் 4. நின்றது: முதல்வர் அறை (38 விழுக்காட்டில் ஒரு மணி நேரம்).

ஆரோக்கியமேரி வாசலில் வந்து நின்றார். "சார், உங்க அப்டேட்டு முடியட்டும்னு ஒக்காந்தா, நான் மேல்பட்டாம்பாக்கம் போயி ஒலை வெச்சிட்டு வந்துடலாம் போலருக்கு. செந்தில் சாரக் கூப்ட்டா அஞ்சே நிமிஷம்."

செந்தில் *சார்*.

வீட்டில் மல்லிகா கைப்பேசியில் தம்பியுடன். ஒலிபெருக்கி போட்டிருந்தாள். முதல்வர் அறைக் கதையை அவன் சொன்னான்: "பிரின்சிபால் அம்மா மீட்டிங்குல ஒக்காந்திருக்காங்க, கம்ப்யூட்டரு 'என்னத் தொடாத'ங்குது, மாமா பக்கத்துல கையக் கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிறாரு." மல்லிகா கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வர. இருபத்திரண்டு ஆண்டு மணவாழ்வில் நான் சொன்ன எதற்கும் அவள் கரண்டியை வைத்ததில்லை.

இது பொறாமை அன்று. நடந்ததைப் பதிவு செய்கிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

சிதம்பரம். கீழவீதிப் பக்கம் மாமியார் வீடு. இட்லி, கொத்சு. கொத்சு நன்று.

மல்லிகா பையைத் திறந்தாள். துணிக்கடியில் எங்கள் வீட்டு லேப்டாப். என்னிடம் சொல்லாமல் எடுத்து வந்திருக்கிறாள். ரயிலில் என் மடியில்தான் அந்தப் பை இருந்தது.

"கோச்சிக்காதீங்க மாமா. அக்காதான் கேட்டுச்சு. லினக்ஸ் போட்டுத் தரேன்னு சொல்லிட்டேன். பழைய மெஷினு, இதுல பறக்கும்."

"என்னிடம் கேட்டிருக்கலாமே" என்றேன் மல்லிகாவிடம்.

"கேட்டேனே. தீபாவளிக்கு முன்னாடியே கேட்டேன். கோரிக்கைய எழுதிக் குடுன்னீங்க."

உண்மை. சொன்னேன். வீட்டுக் கருவிகளுக்கும் ஒரு நடைமுறை வேண்டும் என்பதற்காகச் சொன்னது.

நாற்பது நிமிடத்தில் முடித்தான். திரையில் லினக்ஸின் சின்னமான அந்தப் பென்குயின். மாமியார் எட்டிப் பார்த்து, "அய்ய, வாத்து மாதிரி அழகா கீதே" என்றார். லேப்டாப் உண்மையிலேயே வேகமாகத் திறந்தது. இதையும் எழுதியாக வேண்டும்.

திரும்பும் ரயிலில் மல்லிகா பேசிக்கொண்டே வந்தாள். தம்பிக்கு வேலை நிரந்தரமானால் தை மாதம் பெண் பார்க்கலாமாம். பெண் வீட்டார் கேட்கும் முதல் கேள்வியே அதுதானாம். "கோப்பு உங்ககிட்டதான இருக்குது?" "பரிசீலனையில் இருக்கிறது" என்றேன்.

நவம்பர் 17, திங்கள்

கணினி மைய விதிகள் (இயற்றியவன் நான்), விதி 7: நடப்பு மாத ஸ்டிக்கர் இல்லாத எந்தக் கருவியும் கல்லூரி வலைப்பின்னலில் இருக்கக் கூடாது, முன்னறிவிப்பின்றி நீக்கப்படும். இதுவரை நடைமுறைப்படுத்தியதில்லை. இன்று சுற்றறிக்கை தயாரித்தேன். நாளை நண்பகல் முதல் அமல். முதல்வர் படிக்காமலே ஒப்பமிட்டார்.

செ. அறிவிப்புப் பலகையில் அதைப் படித்துவிட்டு, "மாமா, எனக்கும் ஒரு பச்சை ஸ்டிக்கர் ஒட்டிடுங்க. இல்லன்னா கேட்டுலயே புடிச்சிடுவாங்க" என்றான். வாயிற்காவலர் வரை சிரிப்பு.

கோப்பு இன்னும் மேசையில்.

நவம்பர் 18, செவ்வாய்

கனமழை. 84-ம் முடிந்தன.

நண்பகல் 12.10. தேர்வுப் பிரிவு. ஆரோக்கியமேரி சாப்பிடப் போயிருந்தார். அவருடைய மேசைக்கடியில், தாள் கட்டுகளுக்குப் பின்னால், ஒரு கறுப்புப் பெட்டி. நாம் கழித்து ஒதுக்கிய பழைய கணினி. பதிவேட்டில் இல்லை. ஸ்டிக்கர் இல்லை. முகப்பில் பென்குயின் படம். யாருடையது என்பதில் ஐயமில்லை.

விதி 4: எந்தக் கருவியையும் நிறுத்துமுன் அது செய்யும் பணியை உரியவரிடம் கேட்டறிக.

கேட்கவில்லை. முறைப்படி நிறுத்தவும் இல்லை. மின்கம்பியைப் பிடுங்கினேன். பெட்டியை என் அறைக்குக் கொண்டுவந்து பீரோ மேல் வைத்தேன்.  

மாலை டீ நன்றாக இருந்தது. பல நாளுக்குப் பின்.

நவம்பர் 19, புதன்

நாளை பருவத் தேர்வு தொடக்கம். இன்று நுழைவுச்சீட்டு வழங்கும் நாள். மழையில் நனைந்தபடி வரிசை, தேர்வுப் பிரிவு வாசலிலிருந்து சைக்கிள் நிறுத்துமிடம் வரை.

9.40: அச்சு வரவில்லை. ஆரோக்கியமேரி செ.யைக் கூப்பிட்டார். அவன் மேசைக்கடியில் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். நேராக என் அறைக்கு வந்தான். பீரோவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மாமா, அத்தினி பேரு ஹால் டிக்கெட்டும் இதுலதான் இருக்குது."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா ஃபாரம் குடுப்பீங்க. மேரி மேடம் மிஷினு பரிச்ச நேரம் பாத்து அப்டேட்டுல நின்னுடுது. அதான் தனியா ஒண்ணு வெச்சேன். தப்புதான்."

 பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். ஓடிக்கொண்டிருந்ததை நான் பிடுங்கியதால் வட்டு (ஹார்ட் டிஸ்க்) பழுது. தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளத் தொடங்கிற்று. 6 விழுக்காடு. 7 விழுக்காடு.

வரிசையில் லால்பேட்டையிலிருந்து மகளுடன் வந்த ஒருவர். ஒன்றும் புரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சாரு, காலைல ஏழு மணிக்குக் கெளம்புனோம். புள்ளைக்கு நாளைக்கு மொதப் பரிச்ச. கெடச்சிடும்ல சாரு?" அந்தப் பெண் துப்பட்டா முனையை முறுக்கிக்கொண்டு அழுகையை அடக்கினாள். கிடைத்துவிடும் என்றேன். எனக்குத் தெரியாது.

11.15: முதல்வர் வந்தார். கோபம். "யாருங்க இதுக்குப் பொறுப்பு?"

நான் வாய் திறப்பதற்கு நான்கு வினாடி இருந்தது. போதுமான நேரம்.

செ. முந்திக்கொண்டான். "நான்தான் மேடம். ரெஜிஸ்டர்ல ஏத்தாம வெச்சது நானு. மாமா பர்சன்டேஜப் பாத்து ஒரு வாரமா கிண்டல் பண்ணேன்ல, பாருங்க, இப்ப எம் பென்குயினே பர்சன்டேஜ் காட்டுது. கண்ணு பட்டுடுச்சு."

நனைந்து நின்ற வரிசை முழுதும் சிரித்தது. அந்தப் பெண்ணும். முதல்வர் மட்டும் சிரிக்கவில்லை. "எழுத்துல விளக்கம் குடுங்க செந்தில். மெமோ வரும்" என்றார்.

1.20-க்கு வட்டு எழுந்தது. 3.40-க்குள் எல்லாருக்கும் சீட்டு கிடைத்தது.

குறிப்பாணை (மெமோ) உள்ளவரின் பெயர் நிர்வாகக் குழுவுக்குப் போகாது. இந்த விதியை இயற்றியவன் நான் அல்லன். ஆயினும் நன்கு அறிவேன்.

நவம்பர் 20, வியாழன்

காலை. தோசை கருகிற்று. மல்லிகா: "அம்மா ராவெல்லாம் அழுதுச்சாம். ஆறு வருஷம், ஒரு நாள் தப்புல போச்சு. நீங்க அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? அவன் ஒங்க மேல எவ்ளோ மரியாத வெச்சிருக்கான்." கம்பியைப் பிடுங்கியவன் நான் என்று அவளுக்கும் அவன் சொல்லவில்லை. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் சமமாகியிருப்போம்.

10.05: முதல்வர் அறை. நின்றபடியே சொன்னேன். நேற்றைய இடையூறு என்னால் நிகழ்ந்தது.

முதல்வர் சிரித்தார். கல்லூரியில் என் பேச்சுக்கு எழுந்த முதல் சிரிப்பு.

"மச்சானுக்காகப் பழிய ஏத்துக்கிறீங்களா சார்? நல்ல மனசுதான். ஆனா நீங்க விதிய மீறுனீங்கன்னு சொன்னா யாரு நம்புவா?"

மீண்டும் சொன்னேன். செவ்வாய், 12.10, மேசைக்கடியில், விதி 4-ஐப் பின்பற்றவில்லை, மின்கம்பியைப் பிடுங்கினேன். சிரிப்பு நின்றது.

"ஏன் சார்?"

விதி 7 என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.  "அவன் பேசினால் எல்லாரும் சிரிக்கிறார்கள், மேடம்" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் இருந்தது.

அவர் பேனாவை எடுத்தார். பிறகு, "மெமோவ உங்க பேருக்கு மாத்துறேன்" என்றார்.

விதிப்படி அதுவே சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

வெயில். பத்து நாளில் முதல் முறை.

செய்தி பரவிவிட்டது. ஆரோக்கியமேரி: "தங்கமான மனுஷன் சார் உங்க மச்சான். அடுத்தவங்க தப்பத் தந்தலையில தூக்கிப் போட்டுக்கிட்டாரே, அதுவும் சிரிச்சிக்கிட்டே!" நூலகர் அவன் கையைக் குலுக்கினார். டீ போடுபவர் அவனிடம் காசு வாங்க மறுத்தார். மல்லிகா தொலைபேசியில்: "பாத்தீங்களா எந்தம்பிய?" உண்மையைச் சொன்னவன் நான். அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கூறவில்லை.

செ. அறைக்கு வந்தான். கதவருகிலேயே நின்றான். "சொல்லியிருக்க வேணாம் மாமா. நான் எப்படியாச்சும் சமாளிச்சிருப்பேன்."

"சமாளித்திருப்பாய். அதனால்தான் சொன்னேன்."

அவன் எதற்கோ சிரித்தான். நான் நகைச்சுவையாக ஏதும் சொல்லவில்லை. "சரி சார்" என்று போய்விட்டான்.

குழு மூன்று மணிக்கு. கோப்பை எடுத்தேன். பொறுப்பாளரின் பரிந்துரை: 'இவரை நிரந்தரப் பணிக்கு வலுவாகப் பரிந்துரைக்கிறேன்.' 'வலுவாக' என்பதை அடித்தேன். 2.35 வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லையே மேலே மறுபடி எழுதினேன். அடித்தல் திருத்தலுக்குச் சுருக்கொப்பம் இட்டேன். இரண்டு இடத்தில்.