பதவி என்ற கட்டம்

கும்பகோணம்,
10.6.2024

என் சபிஹாவுக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். எம்.ஏ.வில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஒரே கல்லூரி வேலைக்கு விண்ணப்பித்தோம். எனக்குக் கிடைத்துவிட்டது. உனக்கு இல்லை.

நேர்காணலில் உன் மூன்று கவிதை நூல்களைப் புரட்டக்கூட இல்லையாமே. "புத்தகமெல்லாம் சரிம்மா, ஆய்வுக் கட்டுரை எத்தனை?" என்றார்களாம். என்னிடம் நான்கு இருந்தன. நான்குமே உன் கவிதைகளைப் பற்றியவை! எழுதியவளுக்கு மதிப்பெண் கிடையாது, அவளைப் பற்றி எழுதியவளுக்கு உண்டு. இது எந்த ஊர் நியாயம்டி? வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா?

உன் முகத்தில் விழிக்க வெட்கப்படும்,
குந்தவை

கூத்தாநல்லூர்,
14.6.2024

அடி பைத்தியமே,

வேலையை விட்டாயானால் உன்னோடு பேசவே மாட்டேன். வயிறு எரியவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் அண்ணனின் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டே உன்னைத் திட்டினேன். அப்புறம் உன் கட்டுரைகளை எடுத்துப் படித்தேன். என்னை இவ்வளவு ஆசையாக வேறு யார் படித்தார்கள்? அப்சர் அண்ணன், "கவிதையெல்லாம் போதும், கல்லாவைப் பாரு" என்கிறார்.

ஆனால் ஒரு தப்பு. 'மதகு' கவிதையில் வரும் மதகு பெண்விடுதலையின் குறியீடாமே! அது எங்கள் கொல்லை வாய்க்கால் மதகுடி. வெள்ளத்தில் பலகை இறுகிப்போய், உம்மாவும் நானும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தூக்கினோம். வகுப்பில் அதைச் சொல்லு.

நான் இனி கவிதை எழுதுவதாக இல்லை. நீ நன்றாக இரு.

சபிஹா

கும்பகோணம்,
11.7.2024

சபிஹா,

போன வாரம் முதல் வகுப்பு. 'மதகு' வாசித்தேன், உம்மா கதையையும் சொன்னேன். கவிப்ரியா என்றொரு பெண் எழுந்து, "இவங்க எப்ப இறந்தாங்க மிஸ்?" என்றாள். அவள் பாடத்தில் படித்த கவிஞர்கள் எல்லாருமே இறந்தவர்களாம்! "அடிப்பாவி, கூத்தாநல்லூர்ல நல்லாத்தான் இருக்காங்க" என்றேன். "அப்ப கூட்டிட்டு வாங்க மிஸ்" என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள்.

சிறப்புரைக்கு உன்னை அழைக்கும் படிவத்தில் 'பதவி' என்று ஒரு கட்டம். 'கவிஞர்' என்று எழுதினேன். "அது ஒரு பதவியாம்மா?" என்று முதல்வர் திருப்பி அனுப்பினார். மறுபடியும் அதையே எழுதினேன். சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை, பயமாகத்தான் இருந்தது. மூன்றாம் முறை, "உங்களோட முடியலம்மா" என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். நகல் இத்துடன். இருபத்து மூன்றாம் தேதி காலை பத்து மணி. நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை, வா.

குந்தவை

கூத்தாநல்லூர்,
15.7.2024

குந்தவை,

படிவத்தை அண்ணனிடம் காட்டினேன். 'பதவி: கவிஞர்' என்பதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். "அன்னைக்குக் கல்லாவை நான் பாத்துக்குறேன், போயிட்டு வா" என்றார்.

வருகிறேன். அந்தக் கவிப்ரியாவிடம் சொல்லு, நடுவில் ஒரு மாதம்தான் செத்திருந்தேன் என்று. புதுக் கவிதை ஒன்று வைத்திருக்கிறேன். முதலில் நீ படி. அதில் ஒரு படித்துறை வருகிறது. கட்டுரை எழுதினால் ஞாபகம் இருக்கட்டும், அது படித்துறைதான்.

இப்படிக்கு,
கவிஞர் சபிஹா