கோடாலி பிடுங்கிய மாலை

சான் ஹாவியர்,
14 பிப்ரவரி 1994

என் பிரியத்துக்குரிய நிக்கனோர் அவர்களுக்கு, உங்கள் எலோதியா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் கோழிகளும் சுகம். ஆஸ்பத்திரியில் போட்ட கண்கட்டு உங்களுக்கு உறுத்தாமல் இருக்கிறதா? இதை உங்கள் தங்கை தெல்மிராதான் வாசித்துக் காட்டுவாள். தெல்மிரா, உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காமல் எழுதியிருப்பதை மட்டும் வாசி.

கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. பக்கத்துத் தோட்டத்து சிக்ஸ்டோ என்னோடு பேசுவதில்லை. தப்பு என்னுடையதுதான்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெற்கேயிருந்து ஒரு புயல்மேகம் ஏறி வந்தது. இருபத்திரண்டு வருஷமாக எதற்காகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு மலையேறினீர்களோ, அதே மின்னல் மேகம்தான். சம்பகி மலையின் தலை கத்தரிக்காய் நிறம், மேகத்தின் அடிவயிறு பச்சை. பச்சை என்றால் கல்மழை என்று நம் கோழிக்குக்கூடத் தெரியும். நானும் வழக்கம்போல முற்றத்தில் உப்பால் சிலுவை போட்டு, புயலை வெட்டக் கோடாலியை ஊன்றிவிட்டேன், கூர் மேகத்தைப் பார்க்க. ஊன்றிய பிறகுதான் உங்கள் சத்தம் காதில் கேட்டது. "அடியே, வானத்த வெட்டாதடி! நான் படம் எடுத்து முடிச்சப்புறம் வெட்டித் தொல!" என்று எத்தனை வருஷம் கத்தியிருக்கிறீர்கள். கலைந்துபோன மேகத்துக்கெல்லாம் என் கோடாலி மேல்தானே பழி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் இல்லாமல் இந்த மலைக்கு வந்த முதல் புயல் அது. கோடாலியைப் பிடுங்கி எறிந்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிக்ஸ்டோ, "ஏம்மா, கிறுக்குப் புடிச்சிருச்சா? மறுபடி ஊணு! எம் பீச்சுப் பழமெல்லாம் கொட்டிப்போச்சுன்னா ஒம் புருசன் படத்தையா திங்கறது?" என்று கத்தினார். "இன்னைக்கு வானம் எம் புருசனோடது, யாரும் தொடக்கூடாது" என்று நானும் கத்தினேன்.

சமையலறை வாசலில் முக்காலியை விரித்து உங்கள் கேமராவை ஏற்றி, உங்களைப் போலவே பொத்தானை அழுத்திப் பிடித்து, ஒரு பரலோக மந்திரம் நிதானமாகச் சொல்லி முடித்த பிறகுதான் விரலை எடுத்தேன். பன்னிரண்டு தடவை. பதினொன்று வெறும் கறுப்பு. ஒன்றில் மின்னல் விழுந்திருக்கிறது, நிக்கனோர்! கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரரே இது உங்கள் கைவேலை என்றுதான் நினைத்தார்.

அப்புறம் கல் கொட்டியது. நம் மக்காச்சோளம் போச்சு, அவர் பீச்சும் போச்சு. மன்னிப்புக் கேட்டு மூன்று ஜாடி மார்மலேட் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜாடிகளை வாங்கிக்கொண்டார், பேச்சை மட்டும் தரவில்லை.

பார்வை திரும்புவது பாதிக்குப் பாதிதான் என்று டாக்டர் வராந்தாவில் என்னிடம் சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தேன். கேட்டுவிட்டது என்பது நான் கிளம்பும்போது நீங்கள் என் கையைப் பிடித்த பிடியில் தெரிந்தது.

படம் இந்த உறைக்குள் இருக்கிறது. தெல்மிரா, நீ பார்த்தாலும் வாய் திறக்காதே, அவர் தலையணைக்கு அடியில் வை. வெள்ளிக்கிழமை கட்டு அவிழ்த்ததும் அதில் எத்தனை மின்னல் என்று நீங்களே எண்ணி எனக்கு எழுதுங்கள். எண் மட்டும் போதும், வேறு சேதி வேண்டாம்.

இன்று வானம் துடைத்துவிட்டது போல இருக்கிறது. ஆனாலும் கோடாலியை ஊன்றியிருக்கிறேன், கூர் உங்கள் ஆஸ்பத்திரி இருக்கும் திசையைப் பார்க்க. கன்னிமரியாள் உங்கள் கண்ணோடு இருக்கட்டும். எண்ணிக்கை குறைந்தால் பயப்படாதீர்கள். மீதியை நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிச் சொல்கிறேன், ஆயுசு முழுக்க.

உங்கள்,
எலோதியா