சாய்வுப் பலகைக்கு ஒரு ஓட்டு

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். நலம் என்று எழுத வந்த கை நின்றுவிட்டது, அதனால் இருக்கிறோம் என்று எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இரு.

கையில் ஃபோன் இருக்கும்போது இவள் ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். இந்த இரண்டு அறை வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அத்தான் காதில் விழுகிறது. அவருக்கு வலது கையும் காலும்தான் வரவில்லை. காது முன்னைவிடக் கூர்மையாகிவிட்டது. கண்ணாடிக் கடையில் மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில், லென்ஸ் பெட்டிகளுக்கு நடுவே இதை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். லிஃப்டை விட்டு இறங்கினால் வாசலுக்கு முன் மூன்று படிகள் இருக்கின்றன அல்லவா, அதன் ஓரமாகத் தச்சரை வைத்து ஒரு சாய்வுப் பலகை போட்டிருந்தேன். தினமும் ஐந்து மணிக்கு அத்தானைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு கேட் வரை போவேன். ஒரு மணி நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர், போகிற பஸ்களுக்கெல்லாம் மார்க் போடுவார். "கிளட்சை மிதிச்சே கொல்றான் பாரு" என்று அவர் திட்டும்போதுதான் பேச்சு கொஞ்சம் தெளிவாக வரும். டாக்டரும் தினமும் வெளியே கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறார்.

போன வாரம் அந்தப் பலகையைக் காணோம். நம் கட்டிடச் சங்கத் தலைவர் கழற்றி மொட்டைமாடியில் போட்டுவிட்டார். அவரைப் பற்றி உனக்குத் தெரியும். எடை அளவு பார்க்கும் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றும் டேப்பை மட்டும் சட்டைப் பையிலிருந்து எடுக்காதவர். இங்கே அவருக்குப் பெயரே டேப்புதான். செருப்பு சுவரைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும், துணி பால்கனிக் கம்பிக்கு மேலே தெரியக் கூடாது என்று வாரம் ஒரு அறிவிப்பு ஒட்டுவார். இந்த வார அறிவிப்பு, 'கட்டிடத்தின் முகப்பைக் கெடுக்கும் தனியார் பொருட்கள் அகற்றப்படும்.'

நேரில் போய்க் கேட்டேன். "ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கம்மா" என்றார். எல்லாருக்குமா பக்கவாதம் வரப்போகிறது?

முப்பதாம் தேதி பொதுக்கூட்டம். பலகை வேண்டுமா வேண்டாமா என்று ஓட்டுக்கு விடச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். நான் குடியிருப்பவள்தானே, எனக்கு ஓட்டுக் கிடையாது. வீடு உன் பெயரில் இருக்கிறது. உன் ஓட்டை நான் போடலாம் என்று ஒரு கடிதம் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அத்தான் எட்டு நாளாக வீட்டை விட்டு இறங்கவில்லை.

உன் அக்கா

---

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்ததும் மனசே சரியில்லை. இங்கே வேலையில் கிரேன் மேலே ஏறி உட்கார்ந்தால்கூட அத்தான் முகம்தான் தெரிகிறது.

நீ கேட்ட கடிதத்தை நேற்றுத் தேதியிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். என் ஓட்டு உன் ஓட்டுதான், இதில் கேட்க என்ன இருக்கிறது?

ஆனால் அக்கா, ஒன்று சொன்னால் கோபிக்காதே. அந்த மனுஷரோடு மல்லுக்கு நிற்காதே. வீடு வாங்கும்போது பத்திரப் பதிவு நின்றுபோய் நான் அலைந்த சமயத்தில் அவர்தான் கூடவே வந்து முடித்துக் கொடுத்தார். நாளைக்கு நான் ஊருக்குத் திரும்பினாலும் அங்கேதானே இருக்க வேண்டும். ஊரோடு ஒத்துப் போவதுதான் நல்லது. அவருக்கும் தனியாக இரண்டு வரி எழுதிப் போடுகிறேன். மனசு கோணாமல் இருக்கட்டும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

---

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. பீரோவில் பத்திரங்களோடு வைத்துப் பூட்டிவிட்டேன். உன் கையெழுத்து இன்னும் பள்ளிக்கூடப் பையன் கையெழுத்தாகவே இருக்கிறது.

அவருக்கு எழுதாதே. எழுதி இன்னும் தபாலில் போடவில்லை என்றால் கிழித்துப் போடு. அவரிடம் மரியாதையாக ஒன்று சொன்னால் அதையே பிடித்துக்கொண்டு ஏறிவிடுவார். உனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்தப் புத்தி. கிரிக்கெட்டில்கூட இரண்டு பக்கமும் நீயே அம்பயராக நிற்பாய்.

கடை விட்டு வந்ததும் ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறேன். இருபத்து நாலு வீட்டில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. மீதி இருபத்து மூன்றில் பதினொரு பேர் எனக்குக் கை தூக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உன்னோடு பன்னிரண்டு. மேல் மாடித் தையல்காரம்மா, "டேப்பு என் பால்கனியை அளந்த அன்னைக்கே நான் உங்க பக்கம்" என்றாள். எதிர் வீட்டு வாத்தியார் மட்டும் வழவழ கொழகொழ என்று பேசிக் கதவைச் சாத்திவிட்டார்.

அத்தானிடம் கணக்கைச் சொன்னேன். இருபது நாளைக்கு அப்புறம் இன்றைக்குத்தான் தானாகவே ஷேவ் பண்ணிவிடச் சொன்னார். கூட்டத்துக்குத் தானும் வருவாராம். மூட்டை மாதிரி தூக்கக் கூடாது என்று இத்தனை நாள் பிடிவாதம் பிடித்தவர், "அன்னைக்கு ஒரு நாள் தூக்கிட்டுப் போங்க, போகட்டும்" என்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது தம்பி.

அக்கா

---

மார்ச் 31

தம்பிக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் படி.

கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அத்தானை நாலு பேர் தூக்கி அந்த மூன்று படிகளையும் இறக்கினார்கள். இஸ்திரி போட்ட சட்டை, வழித்த முகம், முன் வரிசை. நான் பேசினேன், படபடக்காமல்தான் பேசினேன். உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதியைப் பார்த்தார். மார்ச் பத்து. உடனே தன் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தார். மார்ச் பன்னிரண்டு. உன் கையெழுத்துதான்.

அதை எல்லாருக்கும் கேட்க வாசித்தார். எனக்கு மனப்பாடமாகிவிட்டது. 'என் அக்கா கொஞ்சம் படபடப்பாகப் பேசுவாள், தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அத்தான் இனிமேல் வெளியே போய் என்ன ஆகப்போகிறது, அக்காவின் மனத் திருப்திக்காகத்தான் கேட்கிறாள். தாங்கள் எடுக்கும் முடிவு எதுவானாலும் எனக்குச் சம்மதம்.'

பிறகு அவர் சொன்னார், "சங்க விதிப்படி பின்னாடி தேதி போட்ட கடிதம்தான் செல்லும். உரிமையாளர் முடிவை என்கிட்டயே விட்டுட்டார்." உன் ஓட்டைத் தன் பக்கம் எழுதிக்கொண்டார். வேண்டாம் என்று பன்னிரண்டு, வேண்டும் என்று பதினொன்று.

ஓட்டுப் போனதைப் பற்றிக்கூட நான் பேசவில்லை. நீ எழுதியதை அத்தான் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். தையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எதிர் வீட்டு வாத்தியார் எழுந்து போய்விட்டார். மேலே வந்து படுக்க வைத்த பிறகு அத்தான் சொன்னது இவ்வளவுதான்: "அவன் கெட்டவன் இல்லை. பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். அவனைத் திட்டி எழுதாதே."

அதனால் திட்டவில்லை.

அக்கா

---

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எத்தனை தடவை ஃபோன் செய்தேன், எடுக்கவே மாட்டேன் என்கிறாய்.

என் நாக்கில், இல்லை, என் பேனாவில் சனி. சத்தியமாக அந்த அர்த்தத்தில் எழுதவில்லை. சின்ன விஷயம்தான் என்று சொன்னால் அவர் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுப்பார் என்று நினைத்தேன். இங்கே அதிகாரிகளிடம் லீவு கேட்பதுகூட அப்படித்தான். "ஒண்ணும் முக்கியமில்லைங்க, முடிஞ்சா கொடுங்க" என்று கேட்டால்தான் கிடைக்கும். பத்து வருஷமாகப் பழகிவிட்டது. அதற்காக அத்தானைப் போய் அப்படி எழுதியிருக்கிறேனே, நான் மனுஷனா?

தலைவருக்கு மறுபடியும் எழுதுகிறேன். அவர் மனசு நோகாதபடி விளக்கமாக எழுதினால் அடுத்த கூட்டத்தில் நிச்சயம் மறுபடி எடுத்துக்கொள்வார். கொஞ்சம் பொறு. அத்தானிடம் ஃபோனைக் கொடு, ஒரு நிமிஷம் பேசிக்கொள்கிறேன்.

உன் தம்பி

---

ஏப்ரல் 21

தம்பிக்கு,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார்.

கடைக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு வீடு கிடைத்தது. ஓர் அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், அதற்கு முன்னால் சாலை. படி இல்லை. நேற்று வந்துவிட்டோம். தையல்காரம்மாவும் அவள் வீட்டுக்காரரும் சாமான் ஏற்ற வந்தார்கள். இவ்வளவு நாள் உன் வீட்டில் இருக்க விட்டதற்கு உனக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறோம். அதில் பொய் இல்லை.

தரையைக் கழுவி, குழாயையெல்லாம் மூடி, பீரோவில் இருந்த உன் பத்திரங்களை மேல் தட்டில் வைத்திருக்கிறேன். சமையலறை ஜன்னல் கொக்கி தளர்ந்திருக்கிறது, மழைக்கு முன் பார்.

சாவியைத் தலைவரிடம் கொடுத்துவிட்டேன். உனக்கு அவரைத்தானே தெரியும்.

புது விலாசம் எழுதவில்லை. எழுதினால் நீ அதையும் யாருக்காவது மரியாதையாக எழுதி அனுப்புவாய். அத்தான் எழுதச் சொன்னார். நான்தான் மாட்டேன் என்றேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

மே 12

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலனை வேண்டுகிறேன். வீட்டுச் சாவியை வாங்கி வைத்ததற்கு மிக்க நன்றி.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும். என் அக்காவின் புது விலாசம் தங்களுக்குத் தெரிந்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். என் எண்ணிலிருந்து ஃபோன் செய்தால் அவள் எடுப்பதில்லை. தையல்காரம்மாவிடம் கேட்டேன், தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்கிறார். தங்களைத் தவிர அங்கே எனக்குப் பழக்கமானவர் யாரும் இல்லை.

இது சின்ன விஷயம் இல்லை. எனக்கு இருப்பது ஒரே அக்கா.

சாவியைக் கொடுத்த அன்று அவள் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? ஒன்றும் சொல்லவில்லை என்றால் அதையாவது எழுதுங்கள்.

தங்கள் பணிவுள்ள,
மூன்றாம் மாடி உரிமையாளர்