நூற்று நாற்பத்து நான்கு கட்டங்கள்

மார்ச் 3, செவ்வாய்

தங்கச்சி தொட்டுத் தொட்டுப் பேசும் படப்பலகையில் ஓரம் பெயர்ந்த இரண்டு படங்களைக் காலையில் பசை போட்டு ஒட்டினேன். பத்து மணிக்குக் ‘கடிகாரம்’ போன் செய்தாள். கையில் ஸ்டாப்வாட்சோடு ஏழு மாதம் எங்கள் வீட்டுக்கு வந்துபோன பல்கலைக்கழகப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர் அது.

“சார், எனக்கு மாணவர் ஆய்வு விருது கிடைச்சிருக்கு!”

வாய் பேச முடியாதவர்கள் படம், அட்டை, கருவி என்று வேறு வழியில் பேசுவதைப் பற்றிய ஆய்வுகளுக்கு வருடம் ஒருமுறை கொடுப்பார்களாம். “நம்ம பலகைக்குத்தான் குடுக்கறாங்க” என்று தங்கச்சியிடம் சொன்னேன். அவள் தலை ஆடியது. அது எப்போதும் ஆடும். பிறந்ததிலிருந்து அந்தக் கழுத்து அவள் பேச்சைக் கேட்டதில்லை.

மார்ச் 6, வெள்ளி

விழா அழைப்பிதழ் வந்தது. தங்கச்சி பெயருக்கு, மேடையில் பேச. எனக்கு இல்லை.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால், வயர்மேன் வேலை முடித்து வந்த கையோடு ஒட்டுப்பலகையில் கோடு போட்டு, பழைய பத்திரிகைகளிலிருந்து படம் வெட்டி ஒட்டியவன் யார்? எந்தக் கல்லூரி எனக்குச் சொல்லிக்கொடுத்தது? 144 கட்டம். தண்ணீர், போர்வை, கால்வலி, ஜன்னல், பூனை, அண்ணன். உழைப்பு என்னுடையது, விருது அந்தப் பெண்ணுக்கா?

விருதை நிறுத்தச் சொல்லிக் குழுவுக்கு நான்கு பக்கம் எழுதினேன்.

மார்ச் 7

பதிவுத் தபாலில் போட்டாயிற்று. மனசு ஆறவில்லை.

மார்ச் 13, வெள்ளி

கடிகாரம் தன் ஆய்வேட்டை அனுப்பியிருக்கிறாள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்.

நான் இருக்கிறேன். ‘பராமரிப்பவர்’ என்று. பக்கம் 41:

“பராமரிப்பவர் செய்த பலகையில் மறுப்பைச் சொல்லக் கட்டம் இல்லை. பயனர் ஒரு படத்தைத் தொட்டு அடுத்ததற்குப் போகுமுன், 96 முறை பராமரிப்பவரே வாக்கியத்தை முடித்துவிட்டார். பிறகு ‘ஆம்’, ‘இல்லை’ அட்டைகளை வைத்துக் கேட்டபோது, அவற்றில் 61 முறை அது பயனர் சொல்ல வந்ததே அல்ல என்று தெரிந்தது.”

எழுந்துபோய்ப் பலகையைப் பார்த்தேன். கட்டம் கட்டமாக. ‘வேண்டாம்’ இல்லை. ‘இல்லை’யும் இல்லை.

எப்படி விட்டேன்? என் தங்கச்சி எதையும் வேண்டாம்னு சொன்னதே கிடையாதுன்னு எல்லார்கிட்டயும் பெருமையடிச்சிக்கிட்டு இருந்தேனே… அய்யோ. அந்தத் தலையாட்டல் எல்லாமே கழுத்துக் கோளாறுதானா?



மார்ச் 14

போனில் கத்தினேன். “ஏம்மா, வீட்டுக்குள்ள விட்டதுக்கு இதுவா கூலி? என் வீட்டுல உக்காந்து என் தப்பையே எண்ணினியா?”

“நேரத்தத்தான் எண்ணினேன் சார். வீடியோ எல்லாம் இருக்கு. அக்கா சம்மதிச்சா தர்றேன், நீங்களே பாருங்க.”

“நான் அவ அண்ணன். அவகிட்ட எதுக்குக் கேக்கணும்?”

“கேக்கணும் சார்.”

மாலையில் வந்து இரண்டு அட்டைகளையும் நீட்டினாள். தங்கச்சியின் கை அலைந்து அலைந்து ‘ஆம்’ மேல் நின்றது. பதினோரு விநாடி. அந்தப் பெண் அதுவரை வாயே திறக்கவில்லை. நான் மூன்று தடவை திறக்கப் பார்த்தேன்.

மார்ச் 18, புதன்

அந்தப் பெண்ணின் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கத்தான் நான்கு நாள் வீடியோக்களோடு உட்கார்ந்தேன். நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். கண்டுபிடித்தும் விட்டேன். 96 இல்லை.

103.

இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

ஒரு வீடியோவில் தங்கச்சி ஜன்னல் படத்தைத் தொடுகிறாள். “ஜன்னலைச் சாத்தணுமா? இரு” என்று சாத்திவிட்டு நான் போய்விடுகிறேன். அறையில் யாரும் இல்லை. அவள் கை நிற்கவில்லை. மெதுவாகப் பூனைக்குப் போகிறது. அப்புறம் ‘அண்ணன்’. பிறகு தோள் குலுங்கத் தனியாகச் சிரிக்கிறாள்.

ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மதில்மேல் மீசையை விறைத்துக்கொண்டு நடக்குமே, அந்தக் கிழட்டுப் பூனை. என்னைப் போல இருக்கிறதாம்!

என் தங்கச்சிக்குக் கிண்டல் வரும் என்பது எனக்குத் தெரியாது. ஐம்பத்தெட்டு வயதாகிறது அவளுக்கு.

மார்ச் 20

குழுவுக்கு எழுதியது: “என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன். பக்கம் 41இல் பிழை உள்ளது. 96 அல்ல, 103. திருத்தவும். பலகை செய்தவன் பெயரைப் போடாதது தவறு என்பதில் மாற்றமில்லை.”

கடைசி வரியை எடுக்க மாட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

‘வேண்டாம்’ போட இடமில்லை. இஸ்திரிப்பெட்டிப் படத்தைப் பெயர்த்தேன். அவளுக்கு எதற்கு இஸ்திரிப்பெட்டி? என்ன யோசித்து ஒட்டினேனோ. சிவப்பில் எழுதி ஒட்டினேன். பார்த்தாள். தொடவில்லை.

மார்ச் 28, சனி

விழா. ஆறு நாளாக அந்தக் கட்டத்தின் பக்கம் அவள் கை போகவே இல்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு அவள் எதிரில் நின்றேன்.

“மேடையில உன் பக்கத்துல நின்னு, நீ சொல்றத நான் எடுத்துச் சொல்றேன். சரியா?”

வாயை மூடிக்கொண்டேன். பதினான்கு விநாடி. வேண்டாம்.

“கடைசி வரிசையிலயாவது உக்காந்துக்கறேன்?”

இந்த முறை ஒன்பதே விநாடி. வேண்டாம்.

அவள் கட்டிலிலேயே உட்கார்ந்தேன். மூன்று மணிக்குக் கடிகாரம் வேன் கொண்டுவந்து, பலகையோடு அவளை அழைத்துப் போனாள். சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

ஏழு மணிக்குத் திரும்புவார்கள். அந்தப் பெண்ணிடம் கேட்டால் மேடையில் நடந்ததை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவாள். கேட்கப் போவதில்லை. சமையலை முடித்துவிட்டேன். பலகை வைக்கும் மேசையைத் துடைத்து, என் நாற்காலியை அதற்கு எதிரில் இழுத்துப் போட்டிருக்கிறேன்.